தோணியில் ஏறுபவரும் ஏற்றுபவரும்

1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆந் திகதி. இங்கிலாந்தின் தென்கரையிலே லைம் ரீஜிஸ் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம். பிளிமத் நகரப் பாடசாலையொன்றின் மாணவர் எண்மரும் அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும் பயிற்சி நிலையமொன்றின் பயிற்றுநர் இருவருமாகப் பதினொரு பேர் காலையில் கடலில் இறங்கினர். போகவேண்டிய இடம் பக்கத்து ஊரான சார்மத். கரையோரமாகச் சில கிலோமீற்றர் தூரந்தான். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் அன்றைய பயணம் நான்கு மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது.

அவர்கள் சென்றது கயாக் எனப்படும் ஒடுங்கிய தோணிகளில். ஒருவர் காலை நீட்டி இருந்து, இரு முனையும் அகன்ற துடுப்பால் வலிக்க வேண்டும். இருக்கும் குழியைச் சுற்றி இடுப்போடு சேர்த்து ஒரு மூடுதுணி கட்டுவது கடலுக்குப் போவோரின் வழக்கம். இல்லாவிட்டால் அலை உள்ளே நிறைந்துவிடும். அன்று அந்த மூடுதுணி இல்லை. ஆபத்தை அறிவிக்கும் தீச்சுடர் இல்லை, வானொலிக் கருவியும் இல்லை.

முதலில் ஆசிரியரின் தோணி கவிழ்ந்தது. நிமிர்த்த நிமிர்த்தத் திரும்பவும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருடன் நின்றுவிட, மற்றவர் பிள்ளைகளின் தோணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கச் செய்தார். தரையிலிருந்து வீசிய காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. தோணிகள் ஒவ்வொன்றாக நிறைந்து கவிழ்ந்தன. திரும்பவேண்டிய நேரம் கடந்து மணிக்கணக்காகியும் கரையிலிருந்தவர்கள் கரையோரக் காவலருக்கு அறிவிக்கவில்லை. பிற்பகலில்தான் அறிவித்தார்கள்.

குளிர்ந்த கடலைப்பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். எமது வெதுவெதுப்பான நீரில் பழகியவர்களுக்கு அது விளங்குவது கடினம். குளிர்நீரில் விழுந்தவர் முதல் நிமிடத்தில் தன்னையறியாமலே மூச்சை இழுக்கிறார். வாய் தண்ணீருக்குள் இருந்தால் அத்தோடு சரி. பத்து நிமிடமளவில் கைவிரல்கள் சொற்கேளாமல் போகும், கயிற்றைப் பிடிக்கவும் முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். உடலின் உட்சூடு இறங்கி உயிர் போவது அதன் பிறகு. உதவி எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அப்படியானால் குற்றம் யாருடையது? கடலுக்குப் போகிறவர் தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வோர் எங்கும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. மிதவைச் சட்டையை இறுகக் கட்டுவதும், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதும், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் வலிப்பவரின் கடமையே. ஆனால் பயிற்றுநரின் தகுதியை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எப்படி அளப்பது? மருந்து அடிக்கும் கமக்காரன் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது சரி. போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் விற்றவனை அதற்காக விட்டுவிடலாமா?

விசாரணையில் வெளிவந்த ஒரு கடிதம் இதற்குப் பதில் சொல்லிற்று. முந்திய ஆண்டிலேயே அந்நிலையத்திலிருந்து விலகிய இரு பயிற்றுநர்கள், பாதுகாப்பைச் சீர்செய்யாவிட்டால் ஒருநாள் ஒரு பிள்ளை வீடு திரும்பாது போகலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருந்தனர். 1994 டிசம்பரில் நிலையத்தை நடத்திய கம்பனியும் அதன் நிர்வாக இயக்குநரும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. கம்பனிக்கு 60,000 பவுண் தண்டம். இயக்குநருக்கு மூன்று ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது இரண்டாகக் குறைந்தது. ஒரு கம்பனி இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டது அதுவே முதற்தடவை.

சிறிய கம்பனியாக இருந்தபடியால்தான் அது அகப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 1987இல் பெல்ஜிய நாட்டின் சேப்ருக் துறைமுகத்துக்கு வெளியே முன்கதவு மூடப்படாமல் புறப்பட்ட பயணிகள் கப்பலொன்று கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். அந்தப் பெரிய கம்பனிமீதான வழக்கு 1990இல் நிற்காமல் போயிற்று. பல அடுக்கு அதிகாரிகளில் எவர் தலையிலும் குற்றத்தை வைக்க முடியவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் தனிச் சட்டம் 2007இல்தான் வந்தது.

லைம் குடாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வீட்டிலிருந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பிளிமத் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் மூலம் 1995இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தனர். 1996 முதல், 18 வயதுக்குட்பட்டோரைப் பணம் பெற்றுக் கடலிலோ வேகமான நீரிலோ கயாக் ஓட்டக் கொண்டுசெல்பவர் பரிசோதனைக்கு உட்பட்டு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும்.

வளர்ந்தோரை அழைத்துச் செல்பவருக்கு அது தேவையில்லை. 2021 ஒக்டோபர் 30ஆந் திகதி வேல்ஸ் நாட்டின் ஹேவர்போர்ட்வெஸ்ட் நகரில், நின்று துடுப்பு வலிக்கும் பலகைகளில் ஒரு குழு ஆற்றில் இறங்கியது. மழையால் ஆறு பெருகியிருந்தது. வழியிலே ஒரு தடுப்பணை. குளம் வான் பாயும்போது கீழே தண்ணீர் எப்படிச் சுழன்று ஆளை உள்ளே இழுக்கும் என்று எமது வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. வந்தவர்களுக்கோ அணை இருப்பதைப்பற்றி எவரும் எச்சரிக்கவில்லை. நால்வர் இறந்தனர். நடத்தியவருக்கு 2025 ஏப்ரிலில் பத்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இறந்த நால்வரில் ஒருவர் அவருடன் குழுவை வழிநடத்தியவர். பத்திரமாகக் கரையேறியிருந்த அவர், மற்றவர்களைக் காப்பாற்றத் திரும்பவும் ஆற்றில் இறங்கினார்.