சதுரப் படமும் உண்மைச் சொல்லும்

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்பா அம்மாவின் கல்யாணப் படம் அடியில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம். அது நீளமாக இல்லாமல் சரிசதுரமாக இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது இரட்டைக்கண் கேமராவில் எடுத்ததாகத்தான் இருக்கும். பட்டணத்து ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து பெட்டிக்குள் பார்த்துப் படம் பிடிப்பாரே, அந்தக் கேமராதான்!

அந்த வகைக் கேமராவை இன்றும் கைவிடாமல் வைத்திருக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் தங்கள் படங்களை ஒருவருக்கொருவர் காட்டித் திருத்திக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் நான் பட்ட நஷ்டம் ஒன்றும் உண்டு.

பெரிய பிலிமின் பெருமை

இந்தக் கேமராவுக்கு 120 என்னும் எண் கொண்ட பிலிம் சுருள் வேண்டும். கோடாக் கம்பெனி அதை 1901-இல் வெளியிட்டது. இன்றும் அது விற்பனையில் இருக்கிறது. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள்தான் எடுக்கலாம். சாதாரணச் சிறு பிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். இதிலோ ஏறக்குறைய 56க்கு 56. பரப்பைப் பெருக்கிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மூன்றரை மடங்குக்கும் மேல் வரும்! பிலிம் பெரிதாக இருப்பதால் இலை நரம்பும் மரப்பட்டை வெடிப்பும் தெளிவாக விழும்.

ஜெர்மனியின் ரோலைஃபிளெக்ஸ் 1929-இல் வந்தது. சுவீடனின் ஹாசல்பிளாட் 1948-இல் வந்தது. 1969-இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது படம் பிடித்தது ஹாசல்பிளாட்தான். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1960-இல் யோசமிட்டி மலைப்பாறைக்கு மேல் நிலவு நிற்பதை எடுத்ததும் அந்தக் கேமராவில்தான். விளம்பரத்துக்காகப் பொருள்களைப் படம் எடுத்தவர்களும் பல்லாண்டுகள் இந்தப் பெரிய பிலிமையே நம்பினார்கள்.

சுற்றி வரும் பெட்டி

பிரிட்டனில் அஞ்சல்வழிப் படவட்டங்கள் உண்டு. ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு படத்தைப் பெட்டியில் வைப்பார். பெட்டி தபாலில் வீடு வீடாகச் செல்லும். பெறுகிறவர் எல்லாப் படங்களையும் பார்த்துத் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். பெட்டி சுற்றி வந்ததும் தம் பழைய படத்தையும் அதற்கான கருத்துகளையும் எடுத்துக்கொண்டு புதிய படத்தை வைப்பார்.

இதை அறிந்து, 2008-இல் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் கெடா மாநிலத்தில் ஓர் உறையைச் சுற்றவிட்டோம். முதல் சுற்றுக்கு நான் வைத்தது எங்கள் தோட்டத்துப் பால்மரக் காடு. இலையுதிர் காலம், விடியற்காலை. நிரை நிரையாக மரங்கள், பின்னால் குனோங் ஜெராய் மலை. என் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய காடு அது. படத்தின் பின்புறம், ‘பதினைந்தில் ஒரு நொடி, கையில் பிடித்து எடுத்தது’ என்று குறித்திருந்தேன். படத்தைப் பெரிதாக்காமல் பிலிம் அளவிலேயே போட்டு அனுப்பினேன். ‘அருமை’, ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’, ‘மிக நன்று’ என்று மூன்று பேரும் எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அடுத்த சுற்றுக்கு அம்மாவின் வெட்டுக்கத்தியையும் பால் மங்கையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன். இம்முறை ஒரு நண்பர் இப்படி எழுதினார்: “கத்தியின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. நீங்கள் பார்ப்பது மேல் லென்சில். படம் விழுவது கீழ் லென்சில். பொருள் அருகில் இருந்தால் மேற்பகுதி போய்விடும். முக்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு லென்சுக்கும் நடுவே உள்ள தூரம் அளவுக்குக் கேமராவை உயர்த்திவிட்டு எடுங்கள். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள்.”

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். கத்தி முழுதாக விழுந்தது. மங்கின் உள்ளே காய்ந்திருந்த பால்கூடத் தெரிந்தது. அந்தப் படம் இன்று அம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கலங்கிய காடு

அதற்குப் பக்கத்தில் மாட்டுவதற்குக் காட்டுப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துச் சென்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நம்ம காடா ஐயா இது? ஏன் இப்படிக் கலங்கிப்போய்க் கிடக்கு?” என்று கேட்டார். என் கை ஆடியிருக்கிறது! சிறிய படத்தில் தெரியாத ஆட்டம், பெரிதாக்கியதும் தெரிந்துவிட்டது.

மறுபடி எடுக்கலாம் என்று ஓடினேன். மரங்கள் சாய்ந்து கிடந்தன. செம்பனை நடுவதற்கு நிலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நண்பர்களிடம் சொன்னபோது, அவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். “பதினைந்தில் ஒரு நொடி என்று படித்தபோதே சந்தேகப்பட்டேன். உங்கள் மனம் நோகுமே என்று எழுதவில்லை” என்றார். அவர் அன்றே எழுதியிருந்தால் மறுவாரமே போயிருப்பேன். மரங்கள் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? அவருடைய படத்துக்கு நானும் ‘நன்று’ என்றுதானே எழுதினேன்!

அதற்குப் பிறகு எங்கள் உறைக்கு மூன்று விதிகள் வைத்தோம். படத்தைக் கையகலத்துக்காவது பெரிதாக்கி அனுப்ப வேண்டும். பின்புறத்தில் நேரம், வேகம், இடம் எல்லாம் குறிக்க வேண்டும். கருத்து எழுதுகிறவர் ஒரு நிறை, ஒரு குறை, ஒரு வழி ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். வழி சொல்லாத குறையும் வேண்டாம், குறை சொல்லாத பாராட்டும் வேண்டாம்.

வாசகர்களே, உங்களிடம் இரட்டைக்கண் கேமரா இல்லாமல் இருக்கலாம், கைப்பேசி இருக்கிறது. லயம், கோயில், பால் கொட்டகை இவற்றில் எது இன்னும் நிற்கிறதோ, அதை இந்த வாரமே எடுத்து வையுங்கள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறரிடமும் காட்டி, குறையைக் கேளுங்கள். உங்களிடம் ஒருவர் காட்டினால், மனம் நோகாமல் உண்மையைச் சொல்லுங்கள். அவர் மறுபடி போய் எடுப்பதற்கு அந்த இடம் இன்றைக்கு இருக்கிறது.