குளிக்கப் போனவன் தப்பு மட்டும்தானா?

மழை நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பிரியாணியைக் கட்டிக்கொண்டு அமிர்திக்குக் கிளம்பிவிடும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் 1967-ல் தொடங்கிய சிறு விலங்குப் பூங்கா, பக்கத்தில் ஆறு, காட்டுக்குள் ஓர் அருவி. வெயில் ஊர்க்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? போகத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரில் ஒரு பிள்ளை போய்விட்டால் நம் ஊரில் எழும் முதல் பேச்சு, "எவன் இவனை இறங்கச் சொன்னது?" என்பதுதான். அந்தப் பேச்சோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. சட்டம் அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொள்வதில்லை.

அமிர்தியில் ஓடுவது காட்டாறு. கீழே வெயிலடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை வந்து சேர்ந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது இப்படித்தான். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே கரையேற வேண்டும். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஏரியிலும் பாலாற்றிலும் ஆபத்து வேறு வகை. அங்கே ஆளை விழுங்குவது பெரும்பாலும் மணலும் மண்ணும் அள்ளிய குழி. ஏரி நிரம்பிக் கோடி போகும்போது குழியும் தரையும் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடப்பவர் அடுத்த அடியில் மூழ்கிவிடுவார். அவரைப் பிடிக்க இன்னொருவர், அவரைப் பிடிக்க மூன்றாமவர் என்று குதிப்பதுதான் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று சாவாக முடிகிறது. நீச்சல் தெரிந்தாலும் கரையில் படுத்துக்கொண்டு வேட்டியை, துப்பட்டாவை, நீளக் கம்பை நீட்டுங்கள். மூடிய காலித் தண்ணீர்க் கேனை வீசினால் பிடித்து மிதப்பார். தோல் தொழிற்சாலைக் கழிவு சேரும் பாலாற்றுக் குட்டைகளில் கால் நனைக்கவே வேண்டாம். அந்த ஆறு கெட்ட கதையை 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பாக எழுதிவிட்டது.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், தலைமேல் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. அதில் போவது உயிர் காக்கும் நிமிடங்கள். மூச்சில்லை என்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை. பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், நுரையீரல் பிறகும் மோசமாகலாம். அமிர்தியிலிருந்து வேலூர் வரும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது.

இனி பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. 1995-ல் பள்ளிச் சுற்றுலா போன 14 பிள்ளைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். கவனிப்பில் தவறிய பள்ளி நிர்வாகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்பதை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2014-ல் அதே ஆற்றில், எச்சரிக்கை சரியாக இல்லாமல் அணை நீரைத் திறந்ததில் ஐதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர் இறந்தார்கள். இமாச்சல உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, தலா 20 லட்சம் தரச் சொன்னது. பிள்ளைகளே ஆற்றில் இறங்கினார்கள் என்ற வாதம் அங்கே முழுத் தப்பித்தலாக ஆகவில்லை. அதற்காகத் தடுப்பைத் தாண்டலாம் என்று அர்த்தமில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். இழப்பீடும் அதனால் குறையலாம்.

நம் குடும்பங்கள் தோற்பது பெரும்பாலும் முதல் நாளிலேயே. "பிள்ளையை அறுக்க வேண்டாம்" என்று பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்து, புகாரும் கொடுக்காமல் அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் அதன்பின் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். குழியையும் எச்சரிக்கைப் பலகை இல்லாத கரையையும் படம் எடுங்கள். நுழைவுச் சீட்டு, படகுச் சீட்டு எதையும் எறியாதீர்கள். கட்டணம் கொடுத்தவர் நுகர்வோர், குறைபாடான சேவைக்காக 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

குழி விஷயத்தில் சாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மண் எடுக்க யாருக்கு, எவ்வளவு ஆழத்துக்கு அனுமதி தரப்பட்டது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானம் எழுதவும் சொல்லலாம். அந்த மாதம் ஏரியில் தண்ணீர் இறங்கியிருக்கும், எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள் என்பதை அதிகாரியைக் கூட்டிப்போய் அளந்தே காட்டிவிடலாம்.