கிராஃப் ஏன் ஓரத்துல வெட்டுப்படுது?

இந்த எபிசோட் சேக்காட்டுல இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வி. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு பைத்தான்ல மேட்பிளாட்லிப் வெச்சு சென்னை மழை கிராஃப் போடுறாங்க. ஸ்க்ரீன்ல சரியா இருக்கு, சேவ் பண்ணினா கீழே ஊர்ப் பெயர் பாதி காணோம். ஏன்?

அவங்க டேட்டாவையே எடுத்துக்குவோம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 வரைக்கும் 24 மணி நேரத்துல பெய்த மழை: தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47, மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. நாலு பார்.

மேட்பிளாட்லிப் நீங்க எதுவும் சொல்லலைன்னா 6.4 இன்ச் அகலம், 4.8 இன்ச் உயரத்துக்கு ஒரு தாள் எடுக்கும். அதுல கீழே 11 சதவீதம், அதாவது அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல, லேபிளுக்கு ஒதுக்கும். உங்க லேபிள் எவ்வளவு நீளம்னு அது பார்க்கறதே இல்ல. ஊர்ப் பெயரை ஆங்கிலத்துல எழுதி 90 டிகிரி திருப்பினா, பெயரோட கடைசிப் பகுதிதான் மேலே அச்சுக்குப் பக்கத்துல நிக்கும். முன் பகுதி தாளுக்கு வெளியே போயிடும். நாலு ஊர்ல மூணுக்குக் கிட்டத்தட்ட ‘பாக்கம்’ மட்டும்தான் மிஞ்சும். எந்தப் பாக்கம்னு நீங்களே கண்டுபிடிச்சுக்க வேண்டியதுதான்!

கூகுள் பண்ணினா உடனே கிடைக்கிற பதில், சேவ் பண்ணும்போது பிபாக்ஸ் இன்சஸ் டைட்னு கொடுங்கங்கறது. வேலை செய்யும். ஆனா அது படத்தை அளந்து தாளையே மாத்திடும். ரெண்டு காலம் ஜர்னல் பேப்பர்ல ஒரு காலம் 3.5 இன்ச்னு வெச்சுக்குவோம். நீங்க அந்த அளவுக்குப் போட்ட படம் வேற அளவுல வரும். அதை இழுத்துப் பொருத்தும்போது எழுத்தோட அளவும் மாறும். 6.4 இன்ச் படத்தை 3.5-க்கு சுருக்கினா, 10 பாயிண்ட் எழுத்து ஐந்தரை பாயிண்ட் ஆயிடும். கண்ணாடி போட்டாலும் கஷ்டம்.

அதனால நான் சொல்றது: முதல்லயே ஃபிக்சைஸ்ல கடைசி அளவைக் கொடுங்க, கூடவே லேஅவுட்டுக்கு கன்ஸ்ட்ரெயின்ட்னு போடுங்க. தாள் அளவு மாறாது, லேபிளுக்கு வேண்டிய இடத்தை விட்டு உள்ளே இருக்கிற கட்டம் சுருங்கிக்கும். பழைய டைட் லேஅவுட் கூப்பிட்ட நேரத்துல ஒரு தடவைதான் கணக்குப் போடும். கன்ஸ்ட்ரெயின்ட் ஒவ்வொரு முறை வரையும்போதும் போடும்.

இதுவரைக்கும் சொன்ன வெட்டு கண்ணுக்குத் தெரியும். தெரியாத வெட்டு ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பயம். அச்சு எல்லையைத் தாண்டின எதையும் மென்பொருள் சத்தமில்லாம வெட்டிடும். எர்ரர் வராது, வார்னிங்கும் வராது. சாதாரண மழை நாட்களுக்காக ஒய் அச்சை 25 செ.மீ.னு ஃபிக்ஸ் பண்ணின பழைய ஸ்கிரிப்ட்ல இந்த டேட்டாவைப் போட்டுப் பாருங்க. நாலு பாரும் மேல் கோட்டைத் தொட்டுக்கிட்டு ஒரே உயரத்துல நிக்கும். தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவுல இருந்த 20 செ.மீ. வித்தியாசம் காலி. சென்னை முழுக்க ஒரே அளவு மழைன்னு படம் சொல்லும், ஆனா அப்படி நடக்கல.

கிளிப் ஆன் ஃபால்ஸ்னு கொடுத்தா பார் கட்டத்தை விட்டு எகிறித் தலைப்பு மேல ஏறும். ஓரத்துல பாதி வெட்டுப்படுற புள்ளிகளுக்கு அது சரி, பாருக்கு வேண்டாம். அச்சின் உச்சத்தை டேட்டாவோட மேக்ஸிமத்துல இருந்து எடுங்க. ரெண்டு வருஷத்தை ஒப்பிட ஃபிக்ஸ் பண்ணியே ஆகணும்னா, மேக்ஸிமம் எல்லையைத் தாண்டினா ஸ்கிரிப்ட் நின்னுடற மாதிரி ஒரு வரி எழுதி வைங்க.

ஆர் யூஸ் பண்றவங்களுக்கு இதே விஷயம் ‘பார்’ ஃபங்ஷன்ல இருக்கு. ‘மார்’ ஓர இடத்தைக் கொடுக்கும். ‘எக்ஸ்பிடி’ எந்த எல்லையில வெட்டணும்னு சொல்லும்: ஃபால்ஸ்னா கட்டம், ட்ரூன்னா முழுப் படம், என்ஏ-ன்னா தாளோட ஓரம்.

லேபிளைத் தமிழ்ல போடப் போறீங்கன்னா இன்னொண்ணு. மேட்பிளாட்லிப்போட டீஃபால்ட் எழுத்துருவான டெஜாவு சான்ஸ்ல தமிழ் கிடையாது, வெறும் கட்டம் கட்டமாத்தான் வரும். அதுக்குத் தனியா ஒரு எபிசோட் வேணும்.