வெள்ள நீரும் சொகுசு எஸ்.யு.வி.யும்: ஓட்டும் முன்னும் மாற்றும் முன்னும்

2022 செப்டம்பரில் பெங்களூரில் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, செல்வந்தர் குடியிருப்புகளில் விலையுயர்ந்த வாகனங்கள் பல நீரில் மூழ்கி நின்றன. உயரமான நான்கு சக்கர இயக்க வாகனம் எத்தகைய வெள்ளத்தையும் கடந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு.

நீரின் ஆழம்

வாகனம் பாதுகாப்பாகக் கடக்கக்கூடிய நீரின் ஆழத்தைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். ஏர் சஸ்பென்ஷன் கொண்ட லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு இது 900 மி.மீ.; மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ. தேங்கிய நீரில் நிதானமாகச் செல்வதற்கே இந்த அளவு பொருந்தும். ஓடும் நீரின் கணக்கு வேறு. சுமார் 60 செ.மீ. ஆழமுள்ள வேகமான நீரோட்டம் எஸ்.யு.வி.யையும் இழுத்துச் சென்றுவிடும்.

என்ஜினுக்கு நேரும் ஆபத்து

என்ஜின் காற்றை உள்ளிழுத்து, அதனை அழுத்தி இயங்குகிறது. காற்றை அழுத்தலாம், நீரை அவ்வாறு அழுத்த இயலாது. உறிஞ்சுகுழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், மேலெழும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எனவே, நீருக்குள் என்ஜின் நின்றுபோனால் மீண்டும் இயக்க முயலவே கூடாது. பாதுகாப்பாக இறங்கி மேடான இடத்திற்குச் சென்று, வாகனத்தை இழுத்துச் செல்ல உதவி கோருவதே முறை.

கடக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தால்

ஆழமும் தரையின் உறுதியும் தெரியாத நீரில் இறங்குதல் தகாது. இறங்கினால், லோ ரேஞ்ச் கியரில், நடக்கும் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக அழுத்திச் செல்ல வேண்டும். வேகம் கூடினால், எழும் அலையே உறிஞ்சுகுழாயை எட்டிவிடும். கரையேறியபின் பிரேக்கை மெதுவாகப் பலமுறை அழுத்தி உலர்த்துக. பின்னர் பணிமனையில் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் எண்ணெய்களைச் சோதிக்கச் செய்க. எண்ணெய் பால்நிறமாக இருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

மாற்றங்களும் சட்டமும்

ஸ்நார்க்கெல் என்னும் உயர்த்தப்பட்ட காற்றுக்குழாய், பெரிய டயர்கள், உயர்த்திய சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பலர் விரும்புகின்றனர். ஸ்நார்க்கெல் காற்று நுழையும் இடத்தை மட்டுமே உயர்த்துகிறது. மின்னணுக் கருவிகளையும் கதவு இடுக்குகளையும் அது காப்பதில்லை. சஸ்பென்ஷனை உயர்த்தினால் வாகனத்தின் ஈர்ப்பு மையமும் உயரும்; வளைவுகளில் கவிழும் வாய்ப்பு கூடும். பெரிய டயர்களால் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்புறம் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புகளும் இத்தடைக்கு உட்பட்டவையென மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஆகவே, எதையும் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, தேவையான பதிவை ஆர்.சி.யில் செய்துகொள்வது நன்று.

காப்பீடும் கடனும்

வெள்ளச் சேதத்திற்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதாது. சொந்தச் சேதப் பாதுகாப்பும் உள்ள விரிவான காப்பீடு தேவை. அதிலும், நீர் புகுந்த என்ஜினை மீண்டும் இயக்கியதால் விளைந்த சேதத்தைத் தொடர்விளைவு எனக் கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. இதற்கென என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு தனியே கிடைக்கிறது. அதன் நிபந்தனைகளையும் படித்தறிதல் வேண்டும். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காவிடில், கோரிக்கை சிக்கலுக்குள்ளாகலாம்.

வங்கிக் கடனில் வாங்கிய வாகனம் கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடாக இருக்கும். வாகனம் முழுமையாகச் சேதமுற்றால், இழப்பீட்டுத் தொகை முதலில் கடன் கணக்கிற்கே செல்லும். அத்தொகை நிலுவையைவிடக் குறைவாக இருப்பின், வாகனம் இல்லாத நிலையிலும் மீதித் தவணைகளை வாடிக்கையாளரே செலுத்த நேரிடும். ஆதலால், மழைக்காலம் தொடங்குமுன் காப்பீட்டு ஆவணத்தை எடுத்து, காப்பீட்டு மதிப்பையும் கூடுதல் பாதுகாப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.