இரைப்பைப் புற்றுநோய்... ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுளைத் தீர்மானிப்பவை எவை?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதுமே, "இனி பயமில்லையே?" என்றுதான் குடும்பத்தினர் கேட்பார்கள். இரைப்பைப் புற்றுநோயில் அதற்கான பதில் ஆபரேஷனை மட்டும் பொறுத்ததல்ல. அதற்கு முன்பு நடந்ததும், பின்பு வீட்டில் நடக்கப்போவதும் சேர்ந்தே ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

எந்த ஸ்டேஜ்?

கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறது என்பதே முதல் காரணம். ஜப்பானில் 1983 முதல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இரைப்பைப் பரிசோதனை செய்யப்பட்டது. அங்கே ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படுபவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நம் ஊரிலோ, 'கேஸ் டிரபிள்' என்று மாத்திரை போட்டே மாதங்களைக் கடத்திவிடுகிறோம்.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

ஆபரேஷனுக்குப் பிந்தைய பயாப்சி ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வெட்டிய ஓரங்களில் புற்றுசெல்கள் இருக்கக் கூடாது. இரண்டு, குறைந்தது 16 நெறிக்கட்டிகளாவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால், நோய் பரவியிருப்பதே தெரியாமல் போகலாம். இதை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கீமோ ஏன்?

2006-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 23 சதவிகிதத்தினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தனர். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் அது 36 சதவிகிதம். ஆனால், ஆறு சுற்று கீமோவையும் முழுதாக முடித்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. எடை குறைந்து, தெம்பில்லாமல் போனால் கீமோவைத் தாங்குவது கடினம்.

சமையலறையின் பங்கு

'வயித்துல ஆபரேஷன், கஞ்சி போதும்' என்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. டாக்டர் அனுமதித்ததும் முட்டை, மீன், பருப்பு, தயிர் எனப் புரதம் சேர்க்க வேண்டும். மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்து, மென்று சாப்பிட வேண்டும். சர்க்கரை பானங்கள் வேண்டாம். படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க வைட்டமின் பி12 தேவை.

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான். அதனால், 'நல்லாத்தானே இருக்கார்' என்று செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.