இரும்பும் வெளிச்சமும்: குளிர்கடலின் வரவுசெலவு

குமரிக் கரையின் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட், மோனசைட் இரண்டும் உண்டு. தூய இல்மனைட்டின் எடையில் ஏறத்தாழ 37 சதவீதம் இரும்பு. மோனசைட் ஒரு பாஸ்பேட் கனிமம். இரும்பும் பாஸ்பரஸும் கடலின் நுண்பாசிக்கு உரம். ஆனால் இந்த மணல் எளிதில் கரையாது. உரம் கரையிலேயே குவிந்திருந்தும் பாசிக்கு எட்டுவதில்லை.

தேவை
106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ்: நுண்பாசியின் சராசரித் தேவை இது. இரும்பு பாஸ்பரஸில் சுமார் நூற்றில் ஒரு பங்கு போதும். கண்ணாடி ஓடு கட்டும் டயட்டம் பாசிக்கு, நைட்ரஜன் அளவுக்குச் சிலிக்காவும் வேண்டும். எது குறைகிறதோ அதுவே விளைச்சலின் எல்லை.

வெளிச்சம்
மணவாளக்குறிச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரமே. தெற்கே 48 டிகிரியில், தென்பெருங்கடலின் குளிர்நீரில், டிசம்பர் பகல் சுமார் 16 மணி நேரம், ஜூன் பகல் 8 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நம் கடலில் வெயிலுக்குக் குறைவில்லை, மேல்நீரில் சத்துதான் குறைவு. ஆனி, ஆடிக் காற்றில் கரையோர நீர் விலக, அடியிலிருந்து குளிர்நீர் சத்தோடு மேலே வருகிறது. சாளைக்கும் நெத்தோலிக்கும் தீனி பெருகுகிறது. குளிர்கடலில் குளிர்காலப் புயல்கள் சத்தை மேலே கிளறினாலும், பாசியை இருட்டான ஆழத்துக்கும் இழுத்துப் போகின்றன. கோடையில் வெளிச்சம் வந்தபின்னும் தென்பெருங்கடலில் நைட்ரேட் மிச்சமாகக் கிடக்கிறது. அங்கே தட்டுப்பாடு இரும்புக்கு.

செலவு
2009 ஜனவரி முதல் மார்ச் வரை, கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் சென்று, தென்பெருங்கடலில் இரும்பு தூவி நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனையின் கணக்கு:

- உரமிட்ட பரப்பு: 300 சதுர கிலோமீட்டர்
- இரும்பு: இரு தடவை, தலா 2 டன் (இரும்பு சல்பேட்டாக)
- சதுர மீட்டருக்கு: சுமார் 13 மில்லிகிராம்
- கண்காணிப்பு: 39 நாள்

இதே 4 டன் இரும்பு சுமார் 11 டன் தூய இல்மனைட்டில் அடங்கிவிடும். ஒரு லாரிச் சுமை.

வரவு
பச்சையம் இரட்டிப்பானது. ஆனால் சிலிக்கா லிட்டருக்கு 2 மைக்ரோமோலுக்கும் கீழே இருந்ததால், பாசியில் டயட்டம் 10 சதவீதத்தைத் தொடவில்லை. வளர்ந்ததைக் கோப்பிபாடு என்னும் சிற்றுயிர்கள் மேய்ந்தன. பாசி வானிலிருந்து இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோகும் கார்பன் கூடவில்லை. 2004-இல் இதே கப்பலில் நடந்த எய்ஃபெக்ஸ் சோதனையிலோ சிலிக்கா தாராளம். டயட்டம் செழித்து, விளைந்ததில் பாதியாவது 1000 மீட்டருக்குக் கீழே இறங்கியது.

முடிவு
கடலில் இரும்பு தூவி வானின் கார்பனைக் குறைக்கலாம் என்போரிடம் இரும்பின் விலையைக் கேட்டால் போதாது. சிலிக்கா எவ்வளவு, மேய்ந்தது எவ்வளவு, ஆழத்தில் தங்கியது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கேட்க வேண்டும். அவை இல்லாத வாக்குறுதிக்கு எந்தக் கடலையும் சோதனைக்களமாகத் திறந்துவிடக் கூடாது.