ஒலிபெருக்கியா, ஹெட்போனா? தவிலை வைத்து ஒரு பரீட்சை

மொன்றியல் நகரின் நடுவே அமைந்துள்ள பொனவெஞ்சர் ஹோட்டலில், பனி கரையத் தொடங்கும் காலத்தில், ஒலிக்கருவிக் கண்காட்சி ஒன்று நடைபெறுவது வழக்கம். இதனை எம்மவரில் மிகச் சிலரே அறிவர். கட்டில்களை அகற்றிய ஹோட்டல் அறைகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒலிபெருக்கிகளை நிறுத்தி, வருவோரை அமரச் செய்து, பாட்டுப் போட்டுக் காட்டும். அங்குள்ள சில சோடிகளின் விலை, பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் செலுத்தும் வாடகைக்குச் சமமானது. கேட்பதற்கு மட்டும் எவரும் பணம் அறவிடுவதில்லை.

அங்கே ஒலிக்கும் இசை பெரும்பாலும் ஒரே வகையினது. தாழ்ந்த குரலில் பாடும் ஒரு பெண்மணி, பெரிய வயலின், பியானோ. எந்த ஒலிபெருக்கியிலும் இவை இனிமையாகவே கேட்கும். ஆகவே ஒருமுறை நான் எனது இறுவட்டைக் கையோடு கொண்டு சென்றேன். அதில் இருந்தது தவில். ஊர்க் கோயிற் திருவிழாவில் யாரோ ஒருவர் ஒலிநாடாவிற் பதிந்து, பிறர் பிரதி செய்து, அதன் பிரதி எனக்குக் கிடைத்து, அதை நான் இறுவட்டில் ஏற்றியது. அறையில் நின்ற இளைஞர் முகம் சுளிக்காமல் வாங்கிப் போட்டார். அந்த விலையுயர்ந்த பெட்டிகளிலிருந்து முதலில் வந்தது தவில் அல்ல, இரைச்சல். அதன் பின்னால், மழைக்குள் நின்று வாசிப்பது போல ஒரு தனியாவர்த்தனம். கருவி எவ்வளவு நல்லதோ அவ்வளவு தெளிவாக நாடாவின் குறைகள் கேட்டன. பத்து ஆண்டுகளாக ஒலிக்கருவிகளில் நாட்டம் கொண்டிருந்த எனக்கு அன்றுதான் ஒரு விடயம் உறைத்தது. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் சொல்கிறேன்.

தவிலைப் பரீட்சைக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. வலந்தலையை விரல்களில் இட்ட கூடுகளால் அடிக்கும்போது எழும் ஒலி ஒரு கணத்தில் உச்சிக்கு ஏறி மறுகணமே அடங்கிவிடும். இடந்தலையைக் கழியால் அடிக்கும்போது எழுவதோ கனத்த, நீண்ட முழக்கம். ஒன்றுக்கு விரைவு வேண்டும். மற்றையதற்குப் பலம் வேண்டும். இரண்டையும் ஒரே வேளையிற் குழப்பமின்றித் தரக்கூடிய ஒலிபெருக்கியே நல்லது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். தமிழகத்து நாதஸ்வர மேதைகள் பலரோடும் வாசித்தவர். அவரது வாசிப்பில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். மலிவான பெட்டியில் அச்சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

விலை கூடினால் ஒலியும் கூடுமா? இக்கேள்விக்கு உலகில் மிகவும் நேர்மையாக விடை தேடிய இடங்களில் ஒன்று எமக்கு அருகே, ஒட்டாவாவில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் 1965 முதல் 1991 வரை பணியாற்றிய புளொயிட் ரூல் என்ற விஞ்ஞானி, ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, எது எதுவென்று அறியாமலே கேட்போரை மதிப்பெண் இடச் செய்தார். பெயரும் விலையும் தெரியாதபோது மனிதர்களின் தெரிவு பெரிதும் ஒத்துப்போவதை அவர் கண்டார். எந்தச் சுருதியையும் கூட்டாமலும் குறைக்காமலும் தரும் பெட்டியையே பெரும்பாலோர் விரும்பினர். அந்தச் சபையின் எதிரொலியற்ற அறையைப் பயன்படுத்தியே கனடாவின் ஒலிபெருக்கி நிறுவனங்கள் பல தம் வடிவங்களைச் சீர்செய்தன. போல் பார்ட்டன் தம் மனைவி சூவின் பெயரையும் சேர்த்து 1972இல் தொடங்கிய பி.எஸ்.பி. அவற்றுள் ஒன்று.

பின்னர் ரூல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே ஷோன் ஒலிவ் என்பவருடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. அந்நிறுவனத்தின் ஊழியர் நாற்பது பேரை அழைத்து, அதே ஒலிபெருக்கிகளை முதலில் கண்ணுக்குத் தெரியும்படியும் பின்னர் மறைத்தும் கேட்கச் செய்தனர். கண்ணாற் கண்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் உயர்ந்த மதிப்பெண் பெற்றன. சிறிய, மலிவான தொகுதி தாழ்ந்தது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. காதாற் கேட்பதாக நாம் எண்ணிக்கொள்வதிற் பாதியைக் கண்தான் கேட்கிறது போலும்.

ஹெட்போன்களின் கதையும் வேறன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்கள் அளக்கப்பட்டன. அவற்றின் விலைக்கும் அவை சுருதிகளைத் தரும் முறைக்கும் தொடர்பு காணப்படவில்லை. வேறு குணங்களில் வேறுபாடு இருக்கலாம். காதுக்கு இதமாக அமர்வதும், முறியாமல் நிலைப்பதும், உதிரிப்பாகம் கிடைப்பதும் பணத்துக்கு வருபவையே. 1991இல் வெளிவந்த சோனி எம்.டி.ஆர். 7506 ஒலிப்பதிவுக்கூடங்களிற் காணக் கிடைப்பது. 1997இல் வந்த செனைசர் எச்.டி. 600 ஒலிநாட்டமுடையோர் மதிப்பது. இரண்டும் கோடீசுவரர்களின் பொருட்கள் அல்ல. இவற்றுக்கு மேலே பத்து மடங்கு கொடுப்போர், என் அபிப்பிராயத்தில், ஒலியை விட்டு மரவேலைப்பாட்டை வாங்குகிறார்கள்.

இவ்விடத்தில் ஒருவரைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. நோனி கோபால் போஸ் என்ற வங்காள இளைஞர் ஆங்கில ஆட்சியை எதிர்த்தமைக்காகச் சிறை சென்று, 1920இல் கல்கத்தாவிலிருந்து தப்பி அமெரிக்காவிற் கரையேறினார். இன்றைய சொல்லிற் சொன்னால் அரசியல் அகதி. அவருடைய மகன் அமர் போஸ், 1929இற் பிலடெல்பியாவிற் பிறந்தவர். போர்க் காலத்தில் தந்தையின் இறக்குமதி வியாபாரம் நொடிந்தபோது, பள்ளி மாணவனாக இருந்த அவர் பழுதடைந்த றேடியோக்களைத் திருத்தி வீட்டுக்கு உதவினார். எம்.ஐ.ரி.யிற் படிக்கும் காலத்தில், 1956இல், நல்லதெனக் கருதப்பட்ட ஓர் ஒலித்தொகுதியை வாங்கிக் கேட்டு ஏமாற்றமடைந்தார். கடதாசியில் அதன் கணக்குகள் யாவும் சரியாக இருந்தன. காதுக்கு மட்டும் சரியாக இல்லை. அந்த ஏமாற்றமே 1964இல் நிறுவனமாக உருவெடுத்தது. 1968இல் வந்த 901 என்ற பெட்டியில் ஒன்பது சிறு ஒலிப்பான்கள். அவற்றில் எட்டு சுவரைப் பார்த்தும் ஒன்று மட்டும் கேட்பவரைப் பார்த்தும் இருந்தன. மண்டபத்தில் நாம் கேட்கும் ஒலியின் பெரும்பகுதி சுவரில் மோதித் திரும்புவதே என்பது அவரது வாதம். ஒலிநாட்டமுடையோர் பலர் இதனை இன்றும் ஒப்புவதில்லை. நானும் அவர்கள் பக்கந்தான். எங்கள் சிறு அறையில் அது எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமற் போக, அவ்விடத்திலேயே கணக்குப் போடத் தொடங்கி, இரைச்சலை இரைச்சலாலே அழிக்கும் ஹெட்போனை 1989இல் விமானிகளுக்காக விற்பனைக்கு விட்டவரும் அவரே. அவர் 2013இல் மறைந்தார்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொன்றியலில் வீடு தேடியவர்களுக்கு ‘மூன்றரை’, ‘நாலரை’ என்ற கணக்குத் தெரியும். அரை என்பது குளியலறை. மூன்றரையின் விறாந்தையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மூன்றரை மீற்றர் இருந்தால், ஒலியின் வேகத்தைக் கொண்டு கணக்கிடும்போது, 49 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்கான 98இலும் அறையே முழங்கும். ஒலிபெருக்கி எவ்வளவு நேர்மையானதாயினும் அந்த இரு சுருதிகளில் இடந்தலை பெருத்துவிடும். அறையின் நடுவிலோ 49 ஹேர்ட்ஸில் மெலிந்துவிடும். பெட்டியை மூலையிலிருந்து ஒரு முழம் விலக்கினாலே ஐந்நூறு டொலர் செலவிட்ட பயன் கிட்டும். அத்துடன் மரத்தளம். கீழ்வீட்டார் தும்முவது எமக்குக் கேட்கும் வீட்டில் எமது மல்லாரி அவர்களுக்குக் கேளாதிருக்குமா? இரவு வேலை முடித்து வருபவருக்கு ஹெட்போனைத் தவிர வேறு வழியில்லை.

ஆயினும் ஹெட்போனுக்கு ஒரு குறையுண்டு. ஒலிபெருக்கியின் ஒலியை இரு காதுகளும் கேட்கின்றன. மேடை எமக்கு முன்னே விரிகிறது. ஹெட்போனில் அதே மேடை தலைக்குள்ளே ஏறி அமர்கிறது. தவிலின் முழக்கம் நெஞ்சிற் படுவது. ஹெட்போன் நெஞ்சுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. வீதியிலே சுவாமி வரும்போது கேட்கவென உருவான வாத்தியம் அது. இன்னொன்று: தொழிற்சாலையின் இயந்திர ஒலியில் எட்டு மணி நேரம் நின்ற காதுக்கு ஓய்வு வேண்டும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் எல்லை என்றால், மூன்று டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்நேரம் பாதியாகும். சபனெல் வீதித் தையற்கூடங்களில் வேலை செய்தோருக்கு இது ஏட்டுக்கணக்கு அல்ல.

என் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். மொன்றியலின் சென் லெயோனார் பகுதியில் 1987 முதல் இயங்கும் ரோட்டம் நிறுவனத்தின் சிறிய சோடி ஒன்று என்னிடம் உண்டு. இரண்டாம் கையாக வாங்கியது. அதற்கு முன் வைத்திருந்தது யூலை முதலாம் திகதி வீதியோரத்திற் கிடைத்தது. அன்று நகரமே வீடு மாறும். நல்ல பெட்டிகள் நடைபாதையில் நிற்கும். ஓரம் உக்கிய ஒலிப்பானுக்குப் புதிய நுரைவளையம் ஒட்டினால் மீண்டும் பாடும். திரைக்குப் பின் வைத்துக் கேட்டால் இவ்விரண்டுக்கும் இடையே நான் முன்பு கற்பனை செய்த தூரம் இல்லை.

இனி, கண்காட்சியில் உறைத்த விடயம். எம்மிடம் உள்ள இசையின் அருமையான பகுதி கடையில் விற்ற இசைத்தட்டுகளில் இல்லை. அது திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் யாரோ பதிந்த கசற்றுகளில் உள்ளது. ஒரு கசற்றின் நாடா நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலம். ஒரு செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூட நகராது. அதைப் பிரதி செய்யும்போது பழைய இரைச்சலோடு புதிய இரைச்சலும் சேர்கிறது. பிரதியின் பிரதியை ஒலிபெருக்கியால் திருத்த முடியாது. திருத்தக்கூடிய இடம் ஒன்றே: மூல நாடாவும் அதை வாசிக்கும் கருவியும்.

எமது வீதியில் வசிக்கும் ஐயா ஒருவரிடம் சப்பாத்துப் பெட்டி நிறைய அத்தகைய மூல நாடாக்கள் இருந்தன. எழுபதுகளில் அவரே பதிந்தவை. “தம்பி, உமக்கு நேரம் இருக்கேக்க எடுத்துப் பாரும்” என்று எனக்குச் சொன்னார். எனக்கு நேரம் இருக்கவில்லை. எந்த ஹெட்போனை வாங்குவது என்று சஞ்சிகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு குளிர்காலம் கழிந்தது. அப்பெட்டி அவர் வீட்டில், சுவரடியிலுள்ள மின்வெப்பமூட்டியின் மேல் தட்டில் இருந்தது. ஒருநாள் திறந்தபோது சில கசற்றுகளின் கூடு வளைந்திருந்தது. நீளம் கூடவேண்டுமென்று மெல்லிய நாடாவிற் செய்யப்பட்ட 120 நிமிடக் கசற்றுகள் ஓடத் தொடங்கியதும் சுருளில் ஏறிச் சிக்கின. ஒரு நாடா என் கண்முன்னே இரண்டாக அறுந்தது. ஐயா எதுவும் சொல்லவில்லை. அறுந்த நாடாவை ஒட்டலாம். சூட்டில் நெளிந்து போன நாடாவில் வாசிப்பு வந்து வந்து மறையும்.

மிஞ்சியவற்றை எடுத்த முறையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடும். முதலில் கசற்றின் பின்புறக் காதுகள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிய முடியாது. ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுங்கள். கருவியின் தலையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு விழுந்திருந்தால் வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். அடுத்ததே முக்கியமானது: கருவித் தலையின் ஓரத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. பதிந்த கருவியின் தலை எவ்வளவு சாய்ந்திருந்ததோ அதே சாய்வில் எமது தலையும் நிற்க வேண்டும். இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, திருகாணியை மயிரிழையளவு திருப்பினால் ஓரிடத்தில் திரை விலகியதுபோல் தாளம் பளிச்சென்று ஒலிக்கும். அங்கே நிறுத்துங்கள். இந்த வேலைக்கு ஹெட்போனுக்கு நிகர் எதுவுமில்லை. நாடாவின் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் படிந்த மெல்லிய முன்னெதிரொலிகூட அதிற் கேட்கும். கணினியில் ஏற்றும்போது சுருக்கப்படாத கோப்பாக வையுங்கள். இரைச்சலை நீக்கும் ஆசை எழுந்தால் பிரதியில் நீக்குங்கள், மூலத்தில் அல்ல. மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

இதுவரை பதினேழு கசற்றுகள் முடிந்துள்ளன. பெரும்பாலானவற்றின் மேலட்டையில் எழுத்து மங்கிவிட்டது. யார் வாசிப்பது என்று தெரியவில்லை. கடந்த சனிக்கிழமை ஐயாவை அழைத்து அமர்த்தி, என்னிடமுள்ள சிறந்த ஹெட்போனைக் காதில் வைத்தேன். ஐந்து நிமிடம் கேட்டார். தலையை அசைத்தார்.

“உதுக்குள்ள ஆளைத் தெரியேல்லைத் தம்பி. வெளியில விடும் பாப்பம்.”

ஒலிபெருக்கிக்கு மாற்றினேன். பின்னேரம் நாலு மணி. கீழ்வீட்டார் வெளியே போயிருந்தனர். சற்றுச் சத்தமாகவே வைத்தேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கதிரையின் கைப்பிடியில் விரலால் எண்ணத் தொடங்கினார்.

“இது இரண்டாவது தவில். பொறும், பெரியவர் இன்னும் தொடங்கேல்லை” என்றார்.